மாஸ்க்கில் ஒரு சொட்டுத் தைலம்

மாஸ்க் தூசியைத் தடுக்கும், நாற்றத்தைத் தடுக்காது. தூசி துகள், நாற்றம் வாயு. துகள் வலையில் சிக்கும், வாயு சிக்காது. தரமணியில் காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "அப்ப எதுக்குடி இதைப் போட்டுக்கறோம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அப்பாவின் இடது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, சர்க்கரைப் புண் வந்திருந்தது. வெயில் ஏறிய பிறகு கோயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றியிருக்கிறார். பல வருடச் சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் கல் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி ஓடியபோது தான் மட்டும் நிதானமாக நடந்ததைப் பெருமையாக வேறு வந்து சொன்னார். சாயங்காலம் கொப்புளம். பிறகு புண்.

தினமும் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, மறுபடி கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் கண்டிப்பான பெண்மணி. "வாரா வாரம் வரணும். விட்டா மேல ஏறும். ஏறினா விரல், அப்பறம் பாதம்" என்று முதல் தடவையே சொல்லிவிட்டார். அப்பா அன்றிலிருந்து காலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கட்டைப் பிரிக்கும்போது காலை நீட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அந்தப் புண் நாறியது. இதை வேறு மாதிரி எழுத முயன்றேன், முடியவில்லை.

அப்பா தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினம் இரண்டு குளியல், இரண்டு வேட்டி, கழுத்தில் பவுடர். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு வாய் நாற்றம் இருந்தால் முகம் சுளிக்காமல் ஒரு ஏலக்காயை நீட்டுவார். அந்த மனிதரிடம் உங்கள் கால் நாறுகிறது என்று சொல்வதில்லை என்பதை அம்மாவும் நானும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம். அவருக்கே தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. எந்த நாற்றத்தோடும் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். மாஸ்க் எதற்கு என்று அவர் கேட்டார். எங்கள் மூச்சில் இருக்கும் கிருமி புண்ணில் விழக்கூடாது என்றேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

பிறகு நான் வேலையில் இறங்கினேன். முதலில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். மூச்சு முட்டியது, நாற்றம் குறையவில்லை. இரண்டாவது, கட்டிலுக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் காபிப் பொடி. காபி குடித்துக்கொண்டே நாற்றத்தை முகர்ந்த மாதிரி இருந்தது. அம்மா ஒரு வாரம் காபியே குடிக்கவில்லை. மூன்றாவது, வாயில் கிராம்பு. கிராம்பு மூக்குக்கு எதுவும் செய்யாது என்று தெரிந்தேதான் அம்மாவுக்காகச் செய்தேன். நான்காவது, கரி அடுக்கு வைத்த மாஸ்க். இது வேலை செய்தது. ஆனால் கரி நிரம்பும்வரைதான் செய்யும். எங்கள் வீட்டு நாற்றம் அதை வெகு சீக்கிரம் நிரப்பிவிட்டது.

ஐந்தாவது என்னுடைய யோசனை. மேஜை விசிறியை எங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து, காற்று எங்களைத் தாண்டி, அப்பாவின் காலைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே போகும்படி செய்தேன். நல்ல பலன். அந்த ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சமையலறை இருந்ததை மட்டும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"இன்னாக்கா, உங்க வீட்ல எலி எதுனா செத்துக் கெடக்குதா?" என்று எதிர் ஜன்னல் பெண் அம்மாவைக் கேட்டாள்.

"ஆமாம்மா. தேடிட்டிருக்கோம்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. மறுநாள் எலிப்பொறி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அப்பா அதைப் பார்த்து, "எலியா? எனக்கு ஒண்ணும் வாடை தெரியலையே" என்றார். பொறியில் தேங்காய்ச் சில்லை அவரே சொருகி வைத்தார்.

ஆறாவதாக வந்தது நீலகிரித் தைலம். மாஸ்க்கின் வெளிப்பக்கம், மூக்குக்குச் சற்று கீழே, ஒரே ஒரு சொட்டு. நாற்றம் போகாது, ஆனால் தைலம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். எனக்கு இது ஒத்துக்கொண்டது. அம்மாவுக்கு ஒரு சொட்டில் நம்பிக்கை இல்லை. அவள் மாஸ்க்கை மடியில் விரித்து, உள்பக்கம், குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற தாராளத்தோடு வைத்தாள். எனக்கும் அப்படியே வைத்துக் கொடுத்தாள்.

அன்று கட்டைப் பிரிக்கும்போது எங்கள் இருவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கையுறை போட்டிருந்ததால் துடைக்க முடியவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சினாள். ஆனாலும் நாற்றம் தெரியவில்லை, அதனால் தொடர்ந்து நான்கைந்து நாள் அப்படியே செய்தோம். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்கு மேலே அவருக்குத் தெரிந்தது கண்கள் மட்டும்தான்.

வாட்ச்மேன் என்னை வாசலில் நிறுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மேடம், சார் அவரு செருப்ப எனக்குக் குடுத்துட்டாரு. புதுசு மேடம். தோல் செருப்பு. 'இனிமே எனக்கு எதுக்கு, நீ போட்டுக்கோ'ன்றாரு. எனக்கு பெருசா கீது, அது வேற. சாருக்கு இன்னா மேடம் ஆச்சு?"

மேலே போனேன். காலையில் லஸ் பூங்காவில் தன்னோடு நடக்கும் நண்பரிடம் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லப்பா, இனிமே நடக்கறதுக்கெல்லாம் இல்ல. என் இடத்துல வேற யாரையாச்சும் சேத்துக்கோங்க" என்றார். பூங்காவில் நடப்பதற்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்பா" என்றேன்.

"வரல."

"ஏன்?"

"காலை எடுக்கப்போறாங்க. அங்க போய்ப் படுத்தா எடுத்துடுவாங்க. வீட்டுலயே இருந்தா இருக்கற வரைக்கும் இருக்கும்."

"யாருப்பா எடுக்கப்போறாங்கன்னு சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம்மா. தெனம் ரெண்டு பேரும் என் காலைப் பாத்து அழறீங்க. நான் என்ன குருடா?"

சமையலறையில் அம்மாவிடம் நிலைமையைச் சொன்னேன். ஏற்கெனவே போன வாரம் அப்பா ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமல் விட்டிருந்தார். இந்த வாரமும் போகாவிட்டால் புண் மேலே ஏறும். போகவைக்க வேண்டும் என்றால் அழவில்லை என்று நம்பவைக்க வேண்டும். நம்பவைக்க வேண்டும் என்றால் தைலத்தைச் சொல்ல வேண்டும். தைலம் எதற்கு என்று கேட்பார்.

"கண்ணுல வலின்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருக்குமா? தெனம் அதே நேரத்துலயா?"

"அதுக்காக? நீங்க நாறுறீங்கன்னு அவர் மூஞ்சிக்கு நேராச் சொல்லுவியா? ரெண்டு வேளை குளிக்கற மனுஷன்டி. அதுக்கு காலே போயிருக்கலாம்னு நெனப்பாரு."

"அம்மா, நெஜமாவே கால்தான் போகும்."

அம்மா அடுப்பை அணைத்தாள். "நீயே சொல்லு. நான் ரூமுக்கு வரமாட்டேன்" என்றாள். பிறகு வந்து கதவோரம் நின்றாள்.

வழக்கம்போல் தயாரித்த ஒரு மாஸ்க்கை அப்பாவிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் இருந்தாலும் போட்டார். இரண்டு மூச்சு இழுத்தார். கண் சிவந்தது. மூன்றாவது மூச்சில் கண்ணீர் வழிந்து மாஸ்க் விளிம்பில் நின்றது.

"என்ன எழவும்மா இது?"

"தைலம். நாங்களும் இதைத்தான் போட்டுக்கறோம். அழல."

மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தொலைபேசி இலாகாவில் பழுது கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர்.

"தைலம் எதுக்கு?"

"புண்ணு நாறுதுப்பா."

கதவோரத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"அப்ப எலி?"

"எலி கிடையாதுப்பா."

அவர் தலையைக் குனிந்து, தோளில் கிடந்த துண்டை முகர்ந்து பார்த்தார். பிறகு புறங்கையை. பிறகு அம்மாவைப் பார்த்து, "இவ்ளோ நாளா இதுலயே ஒக்காந்து கட்டு போட்டீங்களா?" என்று கேட்டார். "எதிர் வீட்டுக்காரங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல" என்றார். அன்று சாப்பாட்டைத் தட்டோடு அறைக்கே கொண்டுவரச் சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கும் அன்று முழுக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை குளித்து, வேட்டி மாற்றி, வழக்கத்தைவிட அதிகமாகப் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "பஸ்ஸு வேண்டாம். ஆட்டோ சொல்லு. ரெண்டு பக்கமும் காத்து வரும்" என்றார்.

கிளினிக்கில் டாக்டர் சாதாரண மாஸ்க்தான் போட்டிருந்தார். கட்டைப் பிரித்ததும் பின்வாங்கவில்லை, குனிந்து முகர்ந்தார்.

"வாடை ஜாஸ்தியாயிருக்கே. எப்பலேர்ந்து?"

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எலி செத்ததுலேர்ந்து டாக்டர்" என்றார் அப்பா.

டாக்டருக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவும் இல்லை. "செத்துப்போன தோல் உள்ள தங்கியிருக்கு. அதான் நாறுது. வெட்டி எடுத்து சுத்தம் பண்ணா வாடையும் போகும், புண்ணும் ஆறும். போன வாரமே வந்திருக்கணும்" என்றார். எங்கள் தொழிலில் முதல் விதி, நாற்றத்தை அது கிளம்புகிற இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது. மூக்குப் பக்கம் செய்கிற எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

"கால்?" என்று அப்பா கேட்டார்.

"கால் இருக்கும். சுண்டுவிரலைப் பத்தி அடுத்த வாரம்தான் சொல்ல முடியும்."

அப்பா என் பக்கம் கையை நீட்டி, "போன்ல ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், தலைகீழாகத் திருப்பினார்.

"இவ்ளோண்டுதானா?"

"அவ்ளோதான்பா."

"இதுக்கா இவ்ளோ நாத்தம்?"

டாக்டர் கத்தரியை எடுத்தார். அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "சுத்தம் பண்ணி முடிச்சதும் இன்னொன்னு எடு" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.