மாதிரித் தொழிலாளி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு பெக்கான் நானாஸில் அன்னாசி டின் தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை. எனக்கு ஜொகூர் பாருவில், தொழிற்சாலைகளுக்கு சிஃப்ட் அட்டவணை போட்டுத் தரும் மென்பொருளை எழுதும் வேலை.

எழுதிய நிரல் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளில், ஆளுக்கொரு கற்பனைத் தொழிலாளியை வைத்திருந்தோம். ஒருவர் சோதனை இன்னொருவருக்குப் புரியாது. அதற்காகத்தான் அந்தத் துணைநிரலை எழுதினேன். கூப்பிட்டால் ஒரு மாதிரித் தொழிலாளியைத் தரும். எல்லாச் சோதனைகளும் அவளிடமிருந்தே தொடங்கும். காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போவாள். அது என்னுடைய வேலை நேரம். யோசிக்காமல் வைத்துவிட்டேன். எல்லாச் சோதனைகளும் தேறின, திரை முழுக்கப் பச்சை. மேலாளர் பாராட்டினார், தகும் என்றே நினைத்தேன்.

பிறகு அம்மாவின் தொழிற்சாலையும் அந்த மென்பொருளை வாங்கியது. காலை ஆறுக்கு இரவு சிஃப்ட் முடித்த அம்மாவை, அன்றே மதியம் இரண்டுக்கு வரச் சொன்னது அட்டவணை.

"தூங்க வேணாமாம்மா?" என்று போனில் கேட்டேன்.

"ரெஸ்டு போதும்னு கம்பியூட்டர் சொல்லுதாம்லா. மத்தவளுங்க மொனகுனாளுங்க. நான்தான் அதட்டுனேன், எம்மவ எழுதுனது தப்பா சொல்லுமான்னு."

சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

அந்த மாதமே, அப்படியொரு மதிய சிஃப்டில், தோல் சீவும் இயந்திரம் அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

மருத்துவமனையிலிருந்து வந்தபின்தான் மாதிரித் தொழிலாளியின் நேரத்தை மாற்றினேன். இரவு பத்து முதல் காலை ஆறு. சோதனைகள் வரிசையாகச் சிவந்தன. மறுநாள் காலை முடியும் வேலையை, முதல் நாள் காலையிலேயே முடிந்ததாக நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டு மணி நேர ஓய்வு முப்பத்திரண்டாகியிருந்தது. இரவு சிஃப்ட் சோற்றில் வளர்ந்தவள் நான்.

தொழிற்சாலையிலிருந்து மலாயில் ஒரு தாள் வந்தது. வீட்டுக்கு வரும் தாள்களைப் படித்துச் சொல்வது எப்போதும் நான்தான். 'போதிய ஓய்வு தரப்பட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு.' கீழே, ஒப்புக்கொண்டு அம்மா கைநாட்டு வைக்க ஒரு கட்டம். படித்தேன். பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய தெரிஞ்சா ஒன் வேலை போயிருமா?"

"போகலாம்."

"அப்ப மைய எடு. எடது கையில வைக்கிறேன்."

"வேணாம்மா."

"நான் தூங்கி வுழுந்தேன். அவ்ளோதான். எடுடீ."

நான் மையை எடுக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில், தவறு எங்கே, யாருடையது என்று மலாயில் எழுதிக் கையெழுத்திட்டேன். சிவந்த சோதனைகளையும் அச்செடுத்து இணைத்து, தொழிற்சாலைக்கும் என் மேலாளருக்கும் அனுப்பினேன்.

அதன்பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் இன்னும் அதையே சொல்கிறார்: "தூங்கிட்டேன்லா. எம்மவ எழுதுனது சரிதான்."