ஜன்னலோர ஓர்க்கிட்டின் முதல் பூ

எங்கள் வாடகை வீட்டில் வெயில் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. கண்டியில் மலையை ஒட்டிக் கட்டிய வீடுகளின் கதி அது. அந்த ஜன்னலடியில் கிடந்த என் கணவரின் கதிரையை நகர்த்திவிட்டு ஓர்க்கிட் சட்டியை வைத்தேன். அன்றைக்குத் தொடங்கியது பேச்சு.

"மனுசன் உக்கார எடமில்ல. செடிக்கு ராஜ உபசாரம்."

நான் காதில் வாங்கவில்லை. காலை வெயில் மட்டும், அதுவும் மெல்லிய திரைக்குப் பின்னால். உச்சி வெயில் பட்டால் இலை கருகிவிடும். மார்கழிக் குளிரில் சாயங்காலமானதும் சட்டியைத் தூக்கி, பிரிஜ்ஜின் பக்கத்துச் சூட்டில் வைப்பேன். உரம், பைக்கற்றில் எழுதியிருப்பதில் கால்வாசி, தண்ணீரில் கரைத்து வாரம் ஒருமுறை. அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தேயிலைக்கு அள்ளியள்ளித்தானே போடுறோம். இதென்ன கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி?" என்பார். ஒருநாள் நானில்லாத நேரம் ஒரு கைப்பிடி யூரியாவைக் கொட்டியும் விட்டார். வேர் பாதி வெந்துபோனது. கெட்டதை வெட்டி, புதுக் கரித்துண்டுகளில் நட்டு, செடியைத் தேற்ற ஒரு வருடம் பிடித்தது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை மனிதர்.

மூன்றாம் வருடம் பூந்தண்டு விட்டு, ஏழு மொட்டு வைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான்கு பூ விரிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று. பார்த்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

திரும்பி வந்தால் தண்டு அடியோடு இல்லை. விரியாத மொட்டுகளும் போய்விட்டன.

"மொத பூ சாமிக்குத்தானே. நம்ம கடையத் தெறக்க முந்தி கோயிலுக்குக் கொண்டு போனேன். எல்லாரும் கேட்டாங்க, நான் வீட்டுல வளத்ததுன்னு சொன்னேன்."

சாமிமேல் கோபமில்லை. கேட்டிருந்தால் நானே ஒரு பூவைப் பறித்துக் கொடுத்திருப்பேன். செடியில் விட்டிருந்தால் இரண்டு மாதம் நின்றிருக்கும். கோயிலில் மறுநாள் காலை கூட்டித் தள்ளிவிடுவார்கள். இவருக்கு அதெல்லாம் எதற்கு? நாலு பேர் கேட்டார்கள், போதும்.

திருநீற்றுப் பொட்டலத்தோடு அதே பூக்களில் ஒன்றை என்னிடம் நீட்டினார். "ஐயர் குடுத்தாரு, தலையில வச்சுக்க. பிரசாதத்த வேணாம்னா பாவம்."

"பாவம் எனக்கே இருக்கட்டும்," என்றேன். "நீங்க வளத்த பூதானே. நீங்களே வச்சுக்கங்க."