டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாத வருஷங்கள்

ஒருவர் வலியை இன்னொருவருக்குச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய் "ஒண்ணுமில்லீங்க, லேசா ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்து சேர்ந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, இங்கிலீஷ் பேசுவேன் என்பதற்காக அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நோயாளி சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை நோயாளிக்கும் நான் சொல்ல வேண்டும்.

விரலுக்கு வந்தவர்

மணமேல்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் வந்தார். கெளுத்தி முள் குத்திக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போடும்வரை மனிதர் முகம் சுளிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இருமினால் கொஞ்ச நாளாகச் சளியோடு ரத்தமும் வருகிறது, உப்புக்காற்றுக்கு அப்படித்தான் வருமோ என்று என்னிடம் கேட்டார். பஸ் எப்போது என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டார். காசநோய். நெடுநாள் ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை நடந்து, மனிதர் தேறி மறுபடி கடலுக்குப் போனார். அன்று முதல் டாக்டரம்மா யாரையும் "வேறே?" என்று கேட்காமல் அனுப்பியதில்லை. அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அதுதான். ரத்தம் வருவதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அந்த மீனவரிடம் கேட்டேன்.

"வெரலுக்குத்தானேங்க வந்தேன். வெரலை முடிக்காம அதை எப்படிக் கேக்குறது?"

கையில் இருந்த காய்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கும் ஒரு பெண், பேச்சு இன்னும் சரியாக வராத மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முகம் சிவந்து கொதித்தது. கண்மணி விரிந்திருந்தது. இல்லாத எதையோ காற்றில் பிடித்துப் பிடித்து இழுத்தான். பேய் அடித்துவிட்டது, பூசாரியைக் கூப்பிடு என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்களாம். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்த வேலியோரத்துக்கு ஓடியிருக்கிறாள்.

நான் விவரம் கேட்க வாய் திறப்பதற்குள் அவள் மூடிய கையை மேஜைமேல் விரித்தாள். பாதி கடித்த முள்ளுக்காய் ஒன்று. அவள் "ஊமத்தை" என்றாள். டாக்டரம்மா "துத்துரா" என்றார். அவர் ஊர் வேலியிலும் அது முளைக்கும்போலிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நடுவில் என் மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. உடனே குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மறுநாள் பிள்ளை கண் விழித்து அம்மாவை அடையாளம் கண்டுகொண்டான். அந்தப் பதற்றத்திலும் காயைத் தேடி எடுத்துவர எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"புள்ளைக்குப் பேசத் தெரியாது. அது தின்னதாவது பேசட்டும்னு கொண்டாந்தேன்."

மாமியார் வெளியே போனார்

ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, அதிலிருந்து இவள் சாப்பிடுவதில்லை, யார் பக்கத்திலும் வருவதில்லை, மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்றார். பெண் உட்கார மறுத்துச் சுவரோரம் நின்றாள். மாமியாரை எப்படி வெளியே அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே எழுந்தார். "நான் அங்கிட்டு நிக்கிறேன். நான் இருந்தா இவ சொல்லமாட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்புறம் அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். நாள்கணக்கில் வலியெடுத்துக் குழந்தை செத்துப் பிறந்ததிலிருந்து, அவளை அறியாமல் மூத்திரம் கசிந்துகொண்டே இருந்தது. நாற்றத்துக்குப் பயந்துதான் கொட்டகையில் படுத்தாள். தன்னைப்போல் உலகத்தில் யாருமில்லை என்று நினைத்திருந்தாள். இது பிரசவத்தில் உள்ளே ஏற்பட்ட புண், அவள் செய்த தப்பு எதுவும் இல்லை, தைத்துச் சரிசெய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவள் நம்பாமல் திரும்பவும் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னேன்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாமியார்தான் கூடப் போய்த் தங்கினார். ஆபரேஷன் முடிந்து திரும்புகிற வழியில் இருவரும் எங்களைப் பார்க்க வந்தார்கள். உட்காரச் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மதுரையிலேர்ந்து பஸ்ஸுல ஒக்காந்தே வந்தேன்க்கா. பக்கத்துல ஒரு அம்மா ஒக்காந்தாங்க. கடைசி வரைக்கும் எந்திரிச்சுப் போகலை."

பொன்னமராவதிக் கடைக்காரர்

சில வருஷத்தில் டாக்டரம்மா நன்றாகத் தமிழ் பேசத் தொடங்கினார். என்னைப் பஞ்சும் துணியும் வெட்டும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஒருநாள் பொன்னமராவதியில் மளிகைக் கடை வைத்திருந்த பழைய நோயாளி வந்து நின்றார். சர்க்கரை வியாதிக்காரர். டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று, மருந்தும் வாங்கியாயிற்று என்றார். பிறகு என் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு வைத்தியம் தெரியாது என்று சொல்லியும் விடவில்லை. நானும் துணியை வெட்டிக்கொண்டே கேட்டேன்.

கடைச் சண்டை, மகள் கல்யாணப் பேச்சு என்று சுற்றி வந்தவர், செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஆணி ஏறியதே தெரியவில்லை, வீட்டில் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றார். கத்திரிக்கோலை வைத்துவிட்டு அவரைக் கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். புண் உள்ளே பழுக்கத் தொடங்கியிருந்தது. அன்றே பார்த்ததால் கால் தப்பியது. இதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா நல்ல தமிழிலேயே கேட்டார்.

"ஒங்ககிட்ட வியாதியைச் சொன்னேங்கம்மா. இவங்ககிட்ட நடந்ததைச் சொன்னேன்."

எனக்கு இன்றுவரை வைத்தியம் ஒரு சொட்டும் தெரியாது, ஆனால் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்குள் தன் வயிற்றின் முழுச் சரித்திரத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிடுகிறார்.