டிக்குக்கும் டப்புக்கும் நடுவே

1. கைக்கு வந்த நாள்

நான் பி.டி. மாஸ்டராகச் சேர்ந்த முதல் நாளே ஹெட்மாஸ்டர் பீரோவைத் திறந்து ஒரு ஸ்டார்ட்டர் ரிவால்வரை எடுத்துக் கொடுத்தார். ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கருவி. குண்டு போகாது, கேப் மட்டும் வெடிக்கும். "பாத்து வெச்சுக்குங்க சார். இது சுடாது. ஆனா பாக்கறவன் சுடும்னு நெனைப்பான்" என்றார். அவர் பேசினாலே எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும்.

அதைக் கழட்டி மாட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கழட்டினேன். முதல் தடவை ஒரு ஸ்பிரிங் பறந்து போய், அரை நாள் மணலில் தேடினேன். ஆறு கேப் பிடிக்கும் சிலிண்டர். ட்ரிகரை இழுத்தால் உள்ளே ஒரு சின்னக் கொக்கி சிலிண்டரைத் தள்ளித் திருப்பும். இடம் வந்ததும் ஒரு நாக்கு அதைப் பிடித்துப் பூட்டும். பிறகு ஹேமர் விழும். அவ்வளவுதான் விஷயம்.

2. தேய்மானம்

திருவண்ணாமலையைச் சுற்றி எந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் மீட் என்றாலும் என்னைத்தான் ஸ்டார்ட்டராகக் கூப்பிடுவார்கள். ஹீட்ஸ், செமி, ஃபைனல் என்று ஒரு நாளில் எத்தனை வெடி வெடித்திருப்பேன் என்று கணக்கில்லை. கேப் புகையில் ஒரு அரிப்பு உண்டு, எத்தனை துடைத்தாலும் மூலையில் தங்கிவிடும். கொக்கியின் முனை மழுங்கியது. நாக்கு உட்காரும் பள்ளம் அகலமானது. சிலிண்டரைக் கையால் ஆட்டினால் ஆடும்.

நடுநடுவே கேப் வெடிக்காமல் ஏமாற்றியது. ஹேமர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு கேப் கூட ஏமாற்றவில்லை. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வெடிக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

3. தேன்மொழி

கீழ்பென்னாத்தூர்ப் பெண். அப்பா மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். எங்கள் பள்ளியில் படித்துக் காலேஜுக்குப் போனவள், காலையில் பிராக்டீஸுக்கு மட்டும் எங்கள் கிரவுண்டுக்கு வருவாள். பௌர்ணமியன்று கிரவுண்டு முழுக்க கிரிவலத்துக்கு வந்த வேன் நிற்கும், அன்று மட்டும் லீவு. நூறு மீட்டரில் மாவட்டத்தில் அவளுக்கு ஈடு இல்லை. மாநிலப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். வீடே அதை நம்பிக்கொண்டிருந்தது.

ரிவால்வரை வாங்கி ஆட்டிப் பார்த்து, "என்னா சார் இது, எங்க தாத்தா முட்டி மாதிரி கடகடங்குது" என்பாள்.

கேப் பெட்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதனால் பிராக்டீஸில் கேப் போட மாட்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வெறும் ட்ரிகரை இழுப்பேன். "டிக்" என்று கேட்டதும் அவள் பாய்வாள். இரண்டு பலகையைச் சேர்த்து அடித்துச் சத்தம் எழுப்பும் மரக் க்ளாப்பர் ஒன்று பீரோவில் சும்மாவே கிடந்தது. ரிவால்வர் பிடிக்கிறவன் க்ளாப்பரைத் தொடுவதா என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த டிக்குக்கு அவள் காது அப்படிப் பழகிவிட்டது. "தூக்கத்துல கேட்டாக்கூட கட்டில்லருந்து ஓடிடுவேன் சார்" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மாநிலப் போட்டி ஃபைனல். அவளுக்கு முதல் லேன், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே. ஸ்டார்ட்டர் நிதானமான மனிதர், புது ரிவால்வர். "செட்" என்றார். கிரவுண்டே அமைதி. வெடிப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் தேன்மொழி பாய்ந்துவிட்டாள். ஃபால்ஸ் ஸ்டார்ட். இப்போதெல்லாம் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நேராக என்னிடம் வந்தாள். "சத்தம் வந்துச்சு சார். நான் சத்தத்துக்குத்தான் ஓடினேன்."

மற்ற மாஸ்டர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். நான் சொன்னேன்: "அவசரப்பட்டுட்டம்மா. உனக்கு எப்பவும் அவசரம் ஜாஸ்தி."

வாயாடிப் பெண், ஊர் வரும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

4. இரண்டு சத்தம்

இரண்டு வாரத்தில் எங்களுக்கும் புது ரிவால்வர் வந்தது. கேப் போடாமல் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். டிக். கொஞ்சம் கழித்து, டப். முதலில் சிலிண்டர் பூட்டும் சத்தம், பிறகு ஹேமர் விழும் சத்தம். பழையதை எடுத்து இழுத்தேன். ஒரே சத்தம். கொக்கி தேய்ந்து சிலிண்டர் தாமதமாக வந்து பூட்டியதில், இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தது.

அவள் சொன்னது நிஜம். போட்டியிலிருந்த புது ரிவால்வரில் முதலில் வந்த, பூட்டுகிற டிக்குக்கு ஓடியிருக்கிறாள். அதற்கு ஓடப் பழக்கியது நான்.

அன்றே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியிருக்க வேண்டும். இரண்டையும் பெட்டியில் வைத்து மூடினேன். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், தீபம் முடியட்டும் என்று தள்ளினேன். உண்மையில் எனக்கு வெட்கம். அவள் பிராக்டீஸுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். நானும் கூப்பிடவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துப் போனேன். உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவருக்கு யூரியா பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப நான் அவசரப்படலயா?"

"இல்லம்மா."

"உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும் சார்?"

சொன்னேன். கார்பன் தாளை அடுத்த பில்லுக்கு மாற்றி வைத்தாள்.

"போன பொங்கல் வரைக்கும் ஸ்பைக்ஸ் ஷூவ துடைச்சு வெச்சிருந்தேன் சார்" என்றாள். பிறகு எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

புதிதாக ரிவால்வர் பிடிக்கும் ஸ்டார்ட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேப் வெடித்தால் ரிவால்வர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாதம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்துக் கேளுங்கள், இரண்டு சத்தம் தனித்தனியாக வர வேண்டும். பிராக்டீஸுக்கு க்ளாப்பரே போதும். ஓடியவள் சத்தம் வந்தது என்று சொன்னால், முதலில் ரிவால்வரைக் கழட்டிப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸையே பிடியுங்கள். எங்கள் ஊரிலிருந்து கீழ்பென்னாத்தூர் ஒன்றும் தூரமில்லை.