வாயை மட்டும் அசைத்த ரெபேக்கா

ரெபேக்காவுக்குச் சுருதி என்பது பிறவியிலேயே கிடையாது. இருபத்திரண்டு வருடமாகச் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். நாங்கள் ஒரு பக்கம் போனால், பஸ் மாறி ஏறியவள் மாதிரி அவள் வேறு பக்கம் போவாள். அதைப் பற்றிய கவலையும் அவளுக்கு இல்லை. கண்ணை மூடி, முகமெல்லாம் சிரிப்பாக, முழுத் தொண்டையில் பாடுவாள். போன ஈஸ்டருக்கு முன்பு அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, "வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்று சொன்ன புண்ணியவான் நான்தான். "சரி அண்ணாச்சி" என்றாள். ஆனால் இரண்டாவது சரணத்திலேயே மறந்துபோய்ப் பாடிவிடுவாள். நான் கீபோர்டிலிருந்து திரும்பி முறைப்பேன்.

அவளுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத். நர்சாக டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கணவர் எபினேசர் என் நண்பர், கொரோனாவில் போய்விட்டார். ஜனக்புரியில் ஒற்றை அறை, கல்லூரியில் படிக்கும் மகள் ஜோஸ்லின், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அந்த வேலை போனால் மற்ற இரண்டும் ஆட்டம் கண்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடந்த நவம்பரில் அவள் வார்டில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் சாகக் கிடந்தார். நுரையீரல் வேலை செய்யவில்லை. மகன் வேலைக்குப் போன பிறகு, மத்தியான நேரங்களில் மூச்சுத் திணறும் பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். "பேட்டி, குச் காவோ" என்பார். உலகத்திலேயே ரெபேக்காவை 'மகளே, ஏதாவது பாடு' என்று கெஞ்சிய ஒரே மனிதர் அவர்தான். சும்மா இருப்பாளா? தெரிந்த கீர்த்தனை ஒன்றைப் பாடுவாள். அவரும் தூங்கிப்போவார்.

பக்கத்துப் படுக்கைக்காரரோடு வந்த யாரோ அதை போனில் எடுத்து வாட்ஸ்ஆப்பில் ஓடவிட்டார்கள். மொத்தம் நாற்பது வினாடி. அவள் கழுத்துச் சிலுவை அதில் நன்றாகத் தெரிந்தது. பெரியவர் இறந்த மூன்றாம் நாள் அது மகனிடம் போய்ச் சேர்ந்தது. சாகக் கிடந்த அப்பாவை மதம் மாற்றப் பார்த்தாள் என்று அவர் புகார் எழுதினார். அப்பாவைப் பறிகொடுத்த மனுஷன், அவரை நான் திட்டப்போவதில்லை. நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் உயிரோடு இல்லை.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். நர்ஸுகளுக்குத் தலைமையான ப்ரீதா நல்ல பெண். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், இங்க யாருக்கும் தமிழ் தெரியாது. தாலாட்டுப் பாட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஃபைலை மூடிடறேன்."

யோசித்துப் பார்த்தால் அருமையான வழி. அந்த வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன். அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த எனக்கே அது எந்தக் கீர்த்தனை என்று பிடிபடவில்லை. அவள் பாடிய லட்சணத்துக்கு அது தாலாட்டாகவும் இருக்கலாம், தேர்தல் பிரசாரமாகவும் இருக்கலாம். ஜோஸ்லினும் போனில் அழுதாள். "மம்மி, லோரின்னு, தாலாட்டுன்னு எழுதிடு ப்ளீஸ். கிஸ்கோ பதா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எழுதிக் குடுத்துடு ரெபேக்கா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றேன் நான். இந்த வித்தையில் எனக்கு அனுபவம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆபீசில் ராமன் சமோசா நீட்டும்போது, உபவாசம் என்று நான் சொன்னதே இல்லை. 'வயிறு சரியில்லை' என்பேன். பதினெட்டு வருடமாக வெள்ளி தவறாமல் கெட்டுப்போகிற வயிறு.

ரெபேக்கா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவரு பயந்தாரு அண்ணாச்சி. பயப்படாதீங்க, கூட ஒருத்தர் இருக்காருன்னுதான் பாடுனேன். இப்பம் அது தாலாட்டுன்னு எழுதுனா, செத்த மனுஷன்ட்ட பொய் சொன்ன மாதிரில்லா ஆயிரும்?"

அவர் கேட்டார், கிறிஸ்தவப் பாட்டுப் பாடினேன், மதம் மாறச் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே வேலை போயிற்று. வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனால் அவளுக்கு முன்னால் அந்த வீடியோ போயிருந்தது. இப்போது மோதி பாக்கில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாள். ஜோஸ்லின் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் பேச்சும் குறைந்துவிட்டது. சபையிலும் ஆறுதல் சொன்னவர்களைவிட அறிவுரை சொன்னவர்கள்தான் அதிகம். வெளியே கேட்டு வம்பு வராமலிருக்க, பாட்டு வேளையில் ஜன்னல்களைச் சாத்த வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. நானும் கை தூக்கினேன்.

வேலை போன பிறகு வந்த முதல் ஞாயிறு. மூன்று சரணம் முடிந்தும் ஒரு பிசிறு இல்லை. அப்பாடா, இன்றைக்குப் பாட்டு சுத்தம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். கடைசி வரிசையில் ரெபேக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியால் மூட முடியாத வாயை நான் மூடிவிட்டேனே என்று கூசிப்போனேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்தேன். "நான் சொன்னதையெல்லாம் மறந்துடு ரெபேக்கா. சத்தமாவே பாடு."

"நீங்க சொன்னதுக்காவ இல்ல அண்ணாச்சி. வாயத் தொறக்கேன், பாட்டு வரமாட்டேங்கு. வீட்டுலயும் அப்படித்தான். எழுதிக் குடுத்ததுக்கு வருத்தமில்ல. ஆனா அந்தச் சந்தோஷம் எங்கயோ போயிட்டு."

"அப்போ எதுக்கும்மா நின்னு கஷ்டப்படறே? உட்கார்ந்துக்கலாமே."

"அது திரும்பி வாரப்ப நான் வாய மூடிட்டு இருக்கக் கூடாதுல்லா?" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

லெந்து தொடங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை ராமன் சமோசா நீட்டினார். 'வயிறு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. உபவாசம் என்றும் சொல்லவில்லை. வெறுமனே வேண்டாம் என்றேன். என் தைரியம் அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. ஜன்னல்கள் சாத்தியே இருக்கின்றன. ரெபேக்கா ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, ஒரு வார்த்தையும் விடாமல் உதட்டை அசைக்கிறாள். நான் வாசித்துக்கொண்டே, கடைசி வரிசையிலிருந்து தப்பான சுருதி ஒன்று கேட்குமா என்று காத்திருக்கிறேன்.