ஹங்கேரிக்காரரின் நடை

எழுபதுகளின் தொடக்கத்தில், மேற்கு ஜெர்மனியின் பான் நகரில், முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு: ஒரு ஹங்கேரிய மௌனப்பட இயக்குநர் பிற்கால நகைச்சுவைப் படங்களில் செலுத்திய தாக்கம். அவர் எடுத்தவற்றில் மிஞ்சியது ஒரே ஒரு சுருள். இடையில் வரும் எழுத்து அட்டைகள்கூடத் தொலைந்திருந்தன. தொப்பிக்காரர் ஒருவர் தெருவில் விழுந்தடித்து ஓடுகிறார், கதவைத் திறக்கிறார், படுக்கையில் கிடக்கும் பெண்ணைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டுகிறார். பல்கலைக்கழகப் புரொஜெக்டரில் அதை நாற்பது தடவையாவது பார்த்துச் சிரித்திருப்பேன். பேராசிரியரும் சிரித்தார். ஜெர்மானியப் பேராசிரியரே சிரித்த பிறகு வேறென்ன ஆதாரம் வேண்டும்? முந்நூறு பக்கம் எழுதினேன்.

திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் உதவித்தொகை நிற்கும். விசாவும் அதன் பின்னாலேயே போகும். தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, ஏட்டில் ஒட்ட ஒரு புகைப்படம் வேண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் சுருளை மேசைக் கருவியில் மாட்டி ஓட்டினார். வழக்கம்போல் சிரிக்கத் தயாரானேன். தொப்பிக்காரர் ஓடவில்லை, நடந்தார்.

“ரொம்ப மெதுவாக ஓட்டுகிறீர்களே?”

“இதுதான் சரியான வேகம். கேமராவைக் கையால் சுற்றி எடுத்த படம், நொடிக்குப் படச்சட்டங்கள் குறைவு. பேசும்பட வேகத்தில் போட்டால் எல்லாரும் கோமாளிதான். நீங்கள் எதில் பார்த்தீர்கள்?”

“பல்கலைக்கழகப் புரொஜெக்டரில்” என்றேன், திரையைப் பார்த்தபடி. தொப்பிக்காரர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, திறக்க மனமில்லாமல் நின்றார். என் ஏட்டின் நாலாம் அத்தியாயத்தில் அதற்குப் பெயர் ‘கைப்பிடிக் குறும்பு’. உள்ளே அந்தப் பெண் இறந்து கிடந்தாள்.

அறைத்தோழர் மதுரைக்காரர், வேதியியல் ஆராய்ச்சி. “பேசாம சப்மிட் பண்ணுய்யா. அந்த டைரக்டரா எந்திரிச்சு வந்து வைவாவுல உட்காரப் போறாரு?”

“அது எழவு வீடுய்யா. நான் சிரிச்சிருக்கேன்.”

“புரொஃபசரும்தானே சிரிச்சாரு? ரெண்டு பேருமா பாடையத் தூக்குங்க.”

இரண்டு இரவு தூக்கமில்லை. ஆனாலும் கொடுத்துவிடுவதென்றே முடிவெடுத்தேன். மனசாட்சியைவிடக் கல்யாணப் பத்திரிகை கனமாக இருந்தது.

திங்களன்று டிராம் தாமதம். இறங்கியபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். ஓடினால் பிடித்துவிடலாம். ஓடினேன். கடைக் கண்ணாடி ஒன்றில், மார்போடு ஒரு காகிதக் கட்டை அணைத்துக்கொண்டு தொப்பியுடன் ஒருவன் விழுந்தடித்து ஓடுவது தெரிந்தது. கால்கள் தானாக நடைக்கு வந்துவிட்டன. எவ்வளவு கெஞ்சியும் அதற்குமேல் அவை ஓடவில்லை.

அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த வேகத்தில் பார்த்தாரோ, சிரித்தார்.