நான்காவது வருஷம்

"நீங்க எதுக்கு டாக்டரு?" மும்பை தாராவி கிளினிக்கில் எதிரே வந்து உட்காருகிறவர்கள் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். குடும்ப மருத்துவம் படிக்கிறேன், எல்லாவற்றையும் பார்ப்பேன் என்றால் முகம் சுண்டிவிடுகிறது. "சப் கா? மத்லப், ஸ்பெஷலிஸ்ட் நஹி?" எல்லாத்துக்குமா, அப்போ ஸ்பெஷலிஸ்ட் இல்லையா என்று இந்தியில் கேட்டுவிட்டு ஒரு மராத்திக்காரர் எழுந்தே போய்விட்டார். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு டாக்டரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. காய்ச்சலுக்கும் காதுவலிக்கும் அவர்தான். கணவரையும் சின்ன மகளையும் அங்கே விட்டுவிட்டு, செம்பூர் ஹாஸ்டலில் கிடந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் பயிற்சி மூன்று வருஷம். விரும்பினால் நான்காவது வருஷமும் தங்கி, சர்க்கரை நோயில் தனிப்பயிற்சி எடுக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றுதான் இருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கூட இருப்பேன் என்று கணவரிடமும் சொல்லியாயிற்று. அப்போதுதான் பேச்சியம்மாள் அக்கா திரும்பி வந்தார். தோல் பட்டறையில் பை தைக்கிறவர், சர்க்கரைக்காரர். முன்பு கால்விரலில் புண்ணோடு வந்தபோது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தேன். "கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேம்லா, அங்கன காட்டிக்கிடுதேன்" என்று கிளம்பிவிட்டார். இப்போது விரல் கறுத்திருந்தது.

"ஊர்ல காட்டலையா அக்கா?"

"காட்டுனேன். பம்பாயிலதான இருக்க, அங்கன போயிப் பாத்துக்கோன்னுட்டாக."

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீங்க பொதுவா பாக்குற டாக்டருல்லா. சுகர் டாக்டரு சொல்லியிருந்தா பயந்திருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே எங்கள் துறைத்தலைவரிடம் போய், இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது பெருமையாக எதுவும் தோன்றவில்லை, படுத்தால் போதும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சரி, இரு. பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சொல்லல" என்றார். எங்கள் தெருவுக்குப் புதிதாக, எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு டாக்டர் வந்திருக்கிறாராம், பாப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டதாம். "இனி எங்க எல்லாருக்கும் அவர்தான். நீ கவலைப்படாத."

என்ன மருந்து எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் மாற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.